விசில் ஊதியவரின் மாஸ்க்

ஐந்து பேர் கொண்ட அணி, ஏழு நிமிட ஆட்டம், நடுவில் ஒரு கொடி. பெயின்ட்பால் போட்டி என்றால் இவ்வளவுதான் என்று நினைத்துத்தான் எங்கள் கம்பெனியில் அதை ஆரம்பித்தார்கள். சாயம் நிரப்பிய சின்னக் குண்டுகளைத் துப்பாக்கியால் எதிரணிமேல் அடிக்க வேண்டும். சாயம் பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டும். கொடியை எடுத்துக்கொண்டு தன் பக்கம் வந்து சேர்ந்த அணிக்கு வெற்றி. மிச்சச் சட்டங்களை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள்.

நான் பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருந்தேன். நிர்வாகம் என்றதும் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். நாற்காலி ஆடினால் நான், கேன்டீன் சாம்பாரில் உப்பு தூக்கலாக இருந்தால் நான், கேப் வண்டி வரவில்லை என்றால் நான். மேம்பாலம் வருவதற்கு முந்தைய காலம் அது. அல்சூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறினால் சில்க் போர்டு சிக்னலில் ஒரு தூக்கம், பொம்மனஹள்ளியில் இன்னொரு தூக்கம் போட்டு எழலாம். ஆபீஸ் போய்ச் சேரும்போதே ஒரு நாள் வேலை பார்த்த அலுப்பு வந்துவிடும். இடையில் யாரோ போகாமல் விட்ட முதலுதவிப் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். ஒரு சான்றிதழோடு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து சேஃப்டியும் நான்தான்.

போட்டி நடந்த மைதானம் ஆனேக்கல் போகும் வழியில் ஒரு தைலமரத் தோப்பு. யாரோ வாடகைக்கு விட்டிருந்தார்கள். பழைய டயர்களை அடுக்கி, தார் டிரம்களை உருட்டிவிட்டு, மறைந்துகொள்ள இடம் செய்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆடுகளம், நடுவில் ஒரு பச்சை வலை. நான் இரண்டு பக்கத்துக்குச் சட்டம் எழுதினேன். துப்பாக்கியின் வேகத்தைக் காலையிலேயே அளந்துவிட வேண்டும். ஆடாத நேரத்தில் குழாய் முனையை அடைக்கும் பிளக் இருக்க வேண்டும். பத்தடிக்குள் வந்துவிட்டால் சுடக்கூடாது, சரணடையச் சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தடித்த எழுத்தில், வலைக்குள் இருக்கும்வரை எக்காரணத்தைக் கொண்டும் மாஸ்க்கைக் கழற்றக்கூடாது.

எழுதியது சுலபம். கேட்க வைப்பதுதான் கஷ்டம். ஆபீசில் அவர்களுக்கு நான் சாம்பார் ஆள். மைதானத்தில் மட்டும் என் பேச்சை ஏன் கேட்பார்கள்? முதுகு முழுக்க ஆரஞ்சு சாயத்தோடு ஒரு மேனேஜர், "இது போன மேட்ச்ல பட்டது, ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி" என்று கன்னடத்தில் கொஞ்சம் அனுசரிக்கச் சொல்லி என் தோளில் தட்டிவிட்டுத் திரும்ப ஓடினார். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்களோ அவரைக் குறி வைக்கவே மாட்டார்கள். அப்ரைசல் முடியாத மாதம் அது. எதிரே டீம் லீட் கொடியைத் தூக்கிக்கொண்டு போவார், இவர்கள் மரத்தைச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரும், எரிச்சலும் வரும். மாலைக்குள் எரிச்சல் மட்டும் மிஞ்சும்.

மாஸ்க் விஷயத்தில் மட்டும் நான் யாரையும் விட்டதில்லை. உள்ளே வியர்த்து கண்ணாடி மங்கிவிடும். துடைத்துக்கொள்கிறேன் என்று தூக்குவார்கள். தூக்கினால் ஆள் வெளியே. அமெரிக்காவிலிருந்து போன் வந்தது என்று தூக்கிய ஒரு பெரிய தலையைக்கூட வெளியே அனுப்பியிருக்கிறேன். அதில் எனக்கு ஒரு பெருமையே இருந்தது என்று இப்போது சொன்னால் என்ன.

ஆனால் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு விசில் ஊத முடியாது. வாய், தாடை எல்லாவற்றையும் மூடும் கெட்டிப் பிளாஸ்டிக். விசிலோ கழுத்தில் கயிற்றில் தொங்கும். அதனால் ஆட்டம் முடியும்போது இடது கையால் மாஸ்க்கை நெற்றிக்குத் தள்ளுவேன், வலது கையால் விசிலை வாயில் வைத்து ஊதுவேன். மைதானத்து ஆட்களும் அப்படித்தான் செய்தார்கள். அவர்களைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். விசில் ஊதியாயிற்று, ஆட்டம் முடிந்தாயிற்று, பிறகென்ன என்றுதான் எல்லோரும் நினைத்தோம். விசில் என்பது நிறுத்தச் சொல்வதுதான், அந்த நொடியே எல்லோரும் நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இது ஒரு பெரிய கண்டுபிடிப்பு இல்லை. ஆனாலும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாம் வருடம் டெஸ்டிங் பிரிவிலிருந்து ஒரு பெண் விளையாட வந்தாள். தருமபுரிப் பக்கம். முதல் வேலை, பி.ஜி. விடுதியில் தங்கியிருந்தாள். மற்றவர்கள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சட்டங்களைப் படித்து முடித்ததும் கை தூக்கியவள் அவள் ஒருத்திதான்.

"மாஸ்க்கை எப்ப சார் கழட்டலாம்?"

"வலைக்கு வெளிய வந்து, எல்லாரும் துப்பாக்கிக்கு பிளக் போட்டாங்களான்னு பார்த்துட்டு, அப்புறம்தாம்மா."

அவள் அதை நான் கொடுத்திருந்த சட்டத் தாளின் ஓரத்தில் பேனாவால் எழுதிக்கொண்டாள். எனக்கு உள்ளபடியே சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருடத்தில் ஒரு ஆளாவது காது கொடுத்ததே.

அரையிறுதியில் அவள் கொடியை எடுத்துவிட்டாள். குனிந்து ஓடி வந்து தன் பக்கத்து டிரம்மைத் தொட்டாள். நான் மாஸ்க்கைத் தூக்கி விசில் ஊதினேன். அவளுக்கும் எனக்கும் பதினைந்து அடி இருக்கும். என்னைப் பார்த்தாள். என் முகம் வெளியே தெரிந்தது, சிரித்துக்கொண்டு வேறு இருந்தேன். அவளும் தன் மாஸ்க்கை நெற்றிக்குத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதிர் மூலையில் டயருக்குப் பின்னால் படுத்திருந்த ஒருவன், விசில் பக்கத்து ஆடுகளத்தில் அடித்தது என்று நினைத்துவிட்டான். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விசில்தானே. கொடியோடு நிற்கிறவளைப் பார்த்து அவன் ஒரே ஒரு குண்டு அடித்தான்.

அவள் கத்தவில்லை. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் மஞ்சள் சாயம் வழிந்தது. அதில் இரத்தமும் கலந்திருக்கிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தச் சான்றிதழில் இதற்கு ஒரு வரியும் இல்லை.

கண்ணுக்குள்ளேயே இரத்தம் கசிந்திருந்தது. தலையை உயர்த்தி வைத்து அசையாமல் இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். கண் போகவில்லை. ஆனால் பார்வை முழுதாகத் திரும்பவும் இல்லை. வடைக்குக் கீழே வைத்த காகிதம் வழியாகப் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று பிறகு அவளே சொன்னாள்.

மறுநாள் காலை அவளுடைய அப்பா பஸ் பிடித்து வந்தார். நான் அறை வாசலில் நின்றிருந்தேன். மகளுடைய கண் கட்டைப் பார்த்தார். பிறகு ஆரம்பித்தார்.

"ஏம்மா, கழட்டக் கூடாதுன்னு சார் அத்தன தடவ சொல்லியிருக்காரே. பேப்பர்ல எழுதிக் குடுத்திருக்காரே. உனக்கு என்னம்மா அவ்வளவு அவசரம்?"

"தப்புதாம்ப்பா" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "உங்களுக்குத்தான் சார் வீண் சிரமம்" என்றார். நானும் கை குவித்தேன். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. 'ரெஸ்ட் எடுக்கட்டும் சார்' என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி கேன்டீனில் அவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தேன்.

ஆபீசில் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். எந்த விதி மீறப்பட்டது, மீறியவர் யார் என்று இரண்டு கட்டங்கள். ஆட்டக்காரர், மைதானத்தை விட்டு வெளியேறும் முன் மாஸ்க்கை அகற்றினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவளுக்கு முன்னால் நான் அகற்றினேன் என்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. வேலை போய்விடும் என்ற பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன ஆகப்போகிறது? இந்தக் கதையெல்லாம் முடிந்து ரொம்ப நாள் கழித்து அதைத் திருத்தி எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, ஃபைல் மூடியாகிவிட்டது சார், ஏன் கிளறுகிறீர்கள் என்று ஹெச்.ஆரில் சொல்லிவிட்டார்கள்.

போட்டியை நிறுத்திவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன். நிறுத்தவில்லை. அடுத்த வருடம் பாதுகாப்பு வகுப்பை இன்னும் கறாராக நடத்தச் சொன்னார்கள். நானும் நடத்தினேன். 'போன வருடம் சொன்னதைக் கேட்காமல் ஒரு பெண் மாஸ்க்கைத் தூக்கினாள்' என்று ஆரம்பித்தால் செல்போன்கள் பைக்குள் போய்விடும். எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாக அதே வகுப்பு. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அதுதான். முடிந்து பஸ்ஸில் உட்காரும்போது ஒரு கல்லை நாள் முழுக்கத் தூக்கி நின்ற மாதிரி இருக்கும். சில்க் போர்டில் தூக்கமும் வருவதில்லை.

போட்டி அன்று காலை அவள் மைதானத்துக்கு வந்திருந்தாள். விளையாட முடியாது. பெயர் பார்த்து ஆட்களை உள்ளே அனுப்பும் வேலைக்குத் தானே பெயர் கொடுத்திருந்தாள் என்று எனக்குத் தெரியாது. மேஜை ஓரத்தில் நின்று, தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பி, வலது கண்ணால் பட்டியலைப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அங்கே இருப்பதைக் கவனிக்காமலேயே நான் அன்றும் அந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டேன். சொன்னதைக் கேட்காமல், என்ற வார்த்தையோடு.

கூட்டம் கலைந்ததும் அவள் ஒரு பிளாஸ்டிக் பையோடு என்னிடம் வந்தாள். பையிலிருந்து ஒரு ஹார்னை எடுத்தாள். ரப்பர் பந்தை அழுத்தினால் பாம் என்று சத்தம் போடுமே, பழைய ஆட்டோக்களில் இருக்கும், அது.

"எஸ்.பி. ரோட்ல ஒரு கடையில வாங்கினேன் சார். விசில் வேணாம் சார். இதுன்னா கையாலயே அடிக்கலாம். மாஸ்க்கைத் தூக்க வேண்டியதில்ல."

டயர்மேல் உட்கார்ந்தேன்.

"அன்னைக்கு என்னப் பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்க தூக்கினதப் பார்த்துதான சார் நானும் தூக்கினேன். சட்டம் போட்டவரே தூக்கறாரு, இனி ஆபத்தில்லன்னு நெனச்சுட்டேன்."

"ஏம்மா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்."

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன். சரி சார் என்றாள். உடனே போய்விடவில்லை, ஹார்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எங்கப்பா வர்ற மாசம் வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்துடச் சொல்றாரு சார். ஒரு வருஷமா சாக்கு சொல்லிக்கிட்டு வர்றேன். சொன்ன பேச்சு கேக்காத பொண்ண எத நம்பி தனியா விடறதுன்னு கேக்கறாரு. நான் என்ன சொன்னாலும் சாக்குன்றாரு. நீங்க சொன்னா நம்புவாரு சார். ஒரு தடவ சொல்லிடுங்க."

அவளே நம்பரை அழுத்தி போனை என்னிடம் நீட்டினாள். முதல் ஆட்டத்துக்கு அணிகள் வலைக்குள் போய்க்கொண்டிருந்தன. யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து போகவில்லை.

பெயரைச் சொன்னதும் அவர் என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார். "சார், நல்லா இருக்கீங்களா? பாப்பா ஏதாச்சும் பண்ணிட்டாளா?" என்று பதறினார்.

"இல்ல சார். அவ ஒண்ணும் பண்ணல. போன வருஷமும் அவ ஒண்ணும் பண்ணல. மாஸ்க்கை முதல்ல தூக்கினது நான். ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு நான் தூக்கினேன். என்னப் பார்த்து அவ தூக்கினா. தப்பு என்னுது சார். அவ நான் சொன்னத ஒழுங்காத்தான் கேட்டா."

லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன். நிமிடம் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"அன்னைக்கு ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாமே சார்" என்றார். "அந்தக் கட்டோட படுத்திருந்த புள்ளைய நான் எவ்வளவு பேசிட்டேன்."

மன்னிச்சிருங்க என்றேன். அது அவருக்குக் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"பாப்பா பக்கத்துல இருக்குதுங்களா? குடுங்க சார்."

போனைக் கொடுத்தேன். அவள் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டு இரண்டு மரம் தள்ளிப் போய் நின்றாள். அவர் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. ரொம்ப நேரம் அவள் ம், ம் என்று மட்டும் சொன்னாள். பிறகு, "விடுங்கப்பா, பரவால்லப்பா" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில், "அழாதீங்கப்பா" என்றாள்.