நான் சொல்லாத சாட்சி

பிடரியில் ஒரு கொப்புளம். சட்டைக் கழுத்து உரசி வந்ததென்று நினைத்து நான்கு நாள் மஞ்சள் பற்றுப் போட்டேன். ஐந்தாம் நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. நீரிழிவுக்காரர்களே, உங்களுக்கு இப்படி ஒன்று கிளம்பினால் பற்றுப் போடாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டச் சொல்லுங்கள்.

டாக்டர் பார்த்ததுமே பெயரைச் சொன்னார்: ராஜபிளவை (பல கண் வைத்து ஆழமாகப் பழுக்கும் கட்டி). மூன்று நாள் இன்சுலின் (சர்க்கரையை இறக்கும் ஊசி மருந்து, நம் ஊருக்குப் புதிது) போட்டுவிட்டுக் கீற வேண்டும் என்றார்.

"பிழைச்சுருவாரா?" என்று என் மனைவி பாக்கியம் கேட்டாள்.

"இப்பச் சொன்னா அது பொய்ம்மா. கீறி ஒரு வாரம் போகட்டும்."

அந்தப் பதிலால் அவர்மேல் மரியாதை வந்தது. முப்பது வருஷம் பத்திரப் பதிவில் இருந்து, சப் ரிஜிஸ்திராராக ஓய்வு பெற்றவன் நான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் உத்தியோகஸ்தர் எவ்வளவு அபூர்வம் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் எங்கள் சபை உபதேசியார் நோட்டோடு வந்தார். சாகக் கிடப்பவரிடம் இரட்சிப்பின் நிச்சயம் (பரலோகம் சேர்வோம் என்ற உறுதி) உண்டா என்று கேட்டு எழுதி, ஞாயிறன்று சபையில் அவர் சாட்சியாக வாசிப்பது எங்கள் வழக்கம். யாருடையது வாசிக்கப்படவில்லையோ, அவர் எங்கே போனார் என்பதைச் சபையே முடிவுசெய்துகொள்ளும்.

"ஐயா, உசுரு போனா எங்க போவீங்க?"

"கல்லறைத் தோட்டத்துக்கு. நாலு பேரு தூக்கிட்டுப் போவாங்க."

"அது சரீரம். ஆத்துமா?"

"நான் கர்த்தரை நம்புறேன். அவர் என்ன தீர்ப்பு எழுதிருக்கார்னு தெரியாது. முன்கூட்டியே தீர்ப்பைச் சொல்ற குமாஸ்தாவை வேலையில வச்சிருக்க மாட்டாங்க, உபதேசியாரே."

அவர் சிரிக்கவில்லை. வராந்தாவுக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொன்னார். எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். "நீங்க பரலோகத்துல இருப்பீங்கம்மா. ஐயா இருக்க மாட்டாரே."

சீழ் பிடித்தது என் கழுத்தில். அந்த மனிதர் கத்தி வைத்தது அவள்மேல்.

கீறுகிற நாள் காலையில் அவள் கட்டிலருகே வந்தாள். "ஒரு வார்த்தைதானங்க. நிச்சயம்னு சொல்லிருங்க."

"தெரியாததை எப்படிச் சொல்றது?"

"தெரிஞ்ச மாதிரி சொல்லுங்க."

"கடவுள்கிட்டயா?"

"இல்ல, உபதேசியார்கிட்ட."

மறுத்துவிட்டேன். முகத்தில் துணியை மூடிக் குளோரோபாரம் (மயக்க மருந்து) சொட்டினார்கள். பதினொன்று வரை எண்ணியது நினைவிருக்கிறது.

ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். எட்டாம் நாள் டாக்டர் "பிழைச்சீர்" என்றார். அன்று மாலை சபைக்காரர் ஒருவர் பார்க்க வந்தார். "அண்ணே, உங்க சாட்சியை வாசிச்சாங்க. அம்புட்டு பேரும் அழுதுட்டோம்."

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பாக்கியத்தின் கை நின்றது. நான் மயக்கத்தில் கிடந்தபோது அவள் உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறாள்: "அவர் நிச்சயம்னு சொல்லிட்டார்."

பத்திரம் எழுதிக்கொடுத்தவர் படுக்கையில் கிடந்தால் பதிவு ஆபீஸ்காரர்கள் நாங்கள் அவர் வீட்டுக்கே போவோம். அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். மயங்கிக் கிடப்பவருக்குப் பதிலாக மனைவி சொன்னால் அரைக் குறுக்கம் புஞ்சையைக்கூடப் பதிய மாட்டோம். நித்திய ஜீவனைப் பதிந்துவிட்டார் உபதேசியார்.

அவரை வரவழைத்தேன். "அந்தச் சாட்சியை நோட்டுல அடிச்சிருங்க."

"அடிக்கலாம் ஐயா. அம்மா பொய் சொன்னாங்கன்னு சபையில காரணம் சொல்லணுமே."

ஆளுக்கு நடைமுறை தெரிந்திருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பொய்யென்று தெரிந்தும் ஒரு பதிவை நிற்க விட்டது என் ஆயுளில் அது ஒன்றுதான். அதற்காக அவரை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

வீடு திரும்பிய பிறகுதான் முழு நஷ்டம் தெரிந்தது. திருவிருந்து (சபையார் அப்பமும் திராட்சரசமும் பகிர்வது) ஞாயிறன்று பாக்கியம் அப்பத்தைத் தொடவில்லை. காரணம் கேட்டேன்.

"பொய் சொன்ன வாயில எப்படி வாங்குறது?"

"எனக்காகத்தான சொன்ன?"

"எனக்காகச் சொன்னேன். நீங்க இல்லாத எடத்துல நான் மட்டும் என்னத்தைச் செய்ய?"

நிச்சயம் என்பது எங்கள் இருவரில் அவளுக்குத்தான் இருந்தது. ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் ஒருநாளும் அவள் அதைச் சந்தேகித்ததில்லை. என் நிச்சயத்தை எழுத வந்தவர் அவளுடையதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிடரியில் இப்போது ஒரு குழி இருக்கிறது. நான் அதைப் பார்த்ததில்லை. தினமும் மருந்துத் துணி திணிக்கும் அவள் விரலால்தான் அதன் ஆழத்தை அறிகிறேன். புண் அடியிலிருந்து ஆறி வர வேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடினால் உள்ளே மறுபடி பழுக்கும். எத்தனை நாள் என்று கேட்பதை விட்டுவிட்டேன். ஒரு கட்டுப் போட்டதிலிருந்து அடுத்த கட்டுப் போடும் வரைக்கும்தான் எனக்கு நாள்.

போன ஞாயிறு அப்பத்தட்டு எங்கள் பெஞ்சுக்கு வந்தது. பாக்கியம் தொடாமல் என்னிடம் நீட்டினாள். நானும் தொடாமல் அடுத்தவரிடம் கொடுத்தேன். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. வாசிக்கப்பட்ட சாட்சிக்காரனாயிற்றே நான்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு?" என்றாள், தலை குனிந்தபடியே.

என் கழுத்து அவள் பக்கம் திரும்பாது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. திருப்பினேன்.