பல வீட்டு அரிசி

நான் கல்லூரியில் படிக்கும்போது, தோட்ட வேலைக்குப் போன அப்பா காலை உடைத்துக்கொண்டார். அன்னூரில் எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோனது. எங்கள் கிறிஸ்தவ சபைப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஏழைகளுக்கென்று ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்து, ஞாயிறன்று கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அம்மாவும் அப்படிக் கொடுத்தவர்தான். அந்த வாரம் அது எங்களுக்கே வந்தது.

எனக்கு வெட்கமாக இருந்தது. “சோறு பாதி வேகலம்மா” என்று சாக்குச் சொல்லித் தட்டைத் தள்ளினேன்.

“பல ஊட்டு அரிசி கண்ணு, எல்லாம் ஒண்ணாவா வேகும்? அந்த மோட்டா அரிசி பக்கத்து ஊட்டு எஸ்தரு போட்டது. அவளே ரேசன் அரிசிக் கஞ்சிதான் குடிக்கறா. மென்னு தின்னு” என்றார் அம்மா.

தின்றேன்.

இன்று கோவையில் எனக்கு நல்ல சம்பளம். கொடுக்கும் அளவுக்கு இன்னும் சேரவில்லை என்று சில நேரம் மனம் சொல்லும். எஸ்தர் அக்காவும் அப்படி நினைத்திருந்தால் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். தேவனுக்கு நன்றி சொல்லிவிட்டு, இருப்பதில் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.