மணலில் புதைத்த சொல்

டீக்கடை அடுப்பில் சவுக்கு விறகு புகைந்தால் எனக்கு நெம்மேலிச் சவுக்குத் தோப்பு நினைவுக்கு வந்துவிடுகிறது. இன்று அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் சுவர் நிற்கிறது. காற்றே இல்லாத மத்தியானத்திலும் யாரோ மூச்சு விடுவதுபோல் இரையும் அந்த மரங்களுக்கடியில், சருகு மெத்தையில், சின்ன வயசில் நானும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவும் ஒரு மந்திர நாடு கட்டினோம். சட்டம் போட்டவள் நான்: எதைக் கேட்டாலும் கிடைக்கும், பதிலுக்கு ஒரு சொல்லை மணல் குழிக்குள் சொல்லி மூடிவிட வேண்டும், ஆயுசுக்கும் அதை வாயில் எடுக்கக் கூடாது. மழை நிற்க நான் ‘கத்திரிக்காய்’ என்ற சொல்லைக் கொடுத்தேன்; நின்றது. மறுநாள் மறந்துபோய்ச் சொன்னேன், மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

ஒரு புயலில் ஸ்டெல்லாவின் அப்பா போன படகு திரும்பவில்லை. மூன்றாம் நாள் அவள் குழி பறித்து ‘அப்பா’வைப் புதைத்தாள். சாயங்காலம் அவர் கரையோரமாக நடந்து வந்தார், எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு அவள் அவரை அப்படிக் கூப்பிடவே இல்லை. “மகாராணிக்கு இன்னா கோவம்?” என்று சிரித்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் கேட்பதையே விட்டார்.

போன மாதம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாகக்கிடந்தவர், “ஒரு தபா கூப்புடும்மா” என்று கெஞ்சினார். அவளை வராந்தாவுக்கு இழுத்துப்போனேன்.

“சட்டமாவது மண்ணாவது! நான் சும்மா சொன்னதுடி. போய்க் கூப்புடு.”

“இன்னும் மூச்சு கீதுக்கா,” என்றாள் ஸ்டெல்லா. “இப்ப சொன்னா, அவர எடுத்துக்கினு பூடும்.”

மறுபடி ‘போ’ என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.