ஞானபூரணி டீச்சரின் கத்திரிப் பாத்தி

மல்லாங்கிணறுக்குத் தெற்கே எங்கள் ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாங்கிளாஸ் வரைக்கும்தான். எல்லாக் கிளாஸுக்கும் ஒரே டீச்சர், ஞானபூரணி அம்மா. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். புருஷன் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை என்று சொல்வார்கள். அதைப் பற்றி அவர் வாய் திறந்து நான் கேட்டதில்லை. காலையில் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் முட்டி போட்டு ஜெபம் பண்ணுவார். நாங்கள் அம்மன் கோயில் திருநீற்றோடு போய் நின்றால், "நெத்தி நல்லாருக்கு, சிலேட்டு எங்க?" என்பார்.

ஐம்பத்தெட்டோ ஒம்பதோ, பள்ளிக்கூடங்களில் கைத்தொழில் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. நூல் நூற்க முதலில் தக்ளி வந்தது. பையன்கள் அதைப் பம்பரமாக்கி ஒருவன் காலில் குத்திவிட்டார்கள். டீச்சர் தக்ளிகளைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, தோட்ட வேலைதான் எங்கள் கைத்தொழில் என்று முடிவு செய்தார். மத்தியானச் சாப்பாட்டுக் குழம்பில் அப்போது மிதக்க ஒன்றும் கிடையாது. அதனால் கத்திரி போட்டார்.

எங்கள் ஊரில் குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே பெரிது, செடிக்கு எங்கே போக? டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பிட்ட பிள்ளைகள் எல்லாரும் பாத்தி ஓரம் வரிசையாக உட்கார்ந்து கையையும் தட்டையும் கழுவ வேண்டும். தையில் செடி ஆள் முட்டளவு நின்று காய்த்தது.

பார்க்க வந்த இன்ஸ்பெக்டர், "மாசியில திரும்ப வருவேன். தோட்டமும் இப்படியே இருந்து, பிள்ளைகளும் குறையாம இருந்தா அஞ்சாங்கிளாஸுக்கு எழுதிடறேன்" என்று சொல்லிப் போனார். நான் அப்போது நாலாவது. அஞ்சாங்கிளாஸ் உள்ளூரில் வந்தால்தான் எனக்குப் படிப்பு. பொட்டப்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பமாட்டேன் என்று எங்கள் ஐயா சொல்லிவிட்டார்.

அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். பெயர் சங்கையா. ஊரில் நிறைய நிலம் உள்ளவர். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு மாதாமாதம் கம்பும் சோளமுமாகத் தவசம் எங்கள் வீட்டிலிருந்துதான் போகும். கத்திரிக்காய்க் குழம்பை என் தம்பி வீட்டில் வந்து புகழ்ந்தான். தண்ணீர் எங்கிருந்து என்று ஐயா கேட்டார். அவன் சொன்னான். மறுநாளே ஐயா பள்ளிக்கூட வாசலில் நின்றார்.

"டீச்சரம்மா, ஒங்க மேல குத்தம் சொல்லலை. ஆனா கண்ட பிள்ளைக எச்சித் தண்ணியில வெளஞ்சத எம்பிள்ளைக திங்கக் கூடாது. எங்க பிள்ளைக கையலம்ப ஒரு பாத்தி தனியா வெட்டிருங்க. ஆளு கூட நானே அனுப்புதேன்."

"அதுல வெளையிறத யாரு திங்கிறது ஐயா?"

"எங்க பிள்ளைகதான்."

"இன்னைக்குப் பாத்தி ரெண்டாகும். நாளைக்குப் பந்தியும் ரெண்டாகும். என்னால முடியாது ஐயா, மன்னிச்சிருங்க."

"அப்ப எங்க வீட்டுத் தவசமும் வராது, பிள்ளைகளும் வராது."

எங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். ஐயாவைப் பார்த்து மற்ற நிலக்காரர்களும் பிள்ளைகளை நிறுத்தினார்கள். பாதி பள்ளிக்கூடம் காலி. இருந்ததை வைத்துக் கஞ்சியும் கத்திரிக்காயுமாகச் சாப்பாடு நடந்தது. டீச்சர் பாத்தியைப் பிரிக்கவில்லை. ஒவ்வொரு வீட்டு வாசலுக்கும் வந்து, "பிள்ளைய அனுப்புங்கம்மா" என்று மட்டும் சொல்லிப் போவார். எங்கள் வீட்டு வாசலுக்கும் வந்தார். ஐயா முகம் கொடுக்கவில்லை.

டீச்சர் போனபிறகு எங்கள் அம்மா மூக்கம்மாள் உலக்கையைச் சாத்தி வைத்துவிட்டு வந்தாள்.

"எம்மக அஞ்சு படிக்கணும். போர்டு வாசிக்கத் தெரியாம, விருதுநகர் போறேன்னு காரியாபட்டி பஸ்ஸில ஏறிப் போனவ நான். இவளுக்கும் அதே கெதி வேணாம்."

"எச்சிச் சோறு தின்னா படிக்கணும்?"

"ஒங்க மாடு போடுற சாணியிலதான் அம்புட்டு வெள்ளாமையும் வருது. அது என்ன, குளிச்சு முளுகிட்டா போடுது?"

"நீ வாய மூடு."

"மூடுதேன். இதையும் கேட்டுக்கிடுங்க. நம்ம பிள்ளைக அந்தக் காயைத் திங்க வேணாம். தூக்குச்சட்டியில நான் சோறு குடுத்து விடுதேன். ஆனா அந்தப் பாத்தியிலதான் கையலம்பட்டும். நம்ம பிள்ளைக எச்சிய ஊருப் பிள்ளைக திங்கப் போவுது. அதுல ஒங்களுக்கு என்ன கொறைச்சல்?"

ஐயா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தி யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார்.

அம்மா மனதறிந்து சொன்னாளா, ஐயாவை மடக்கச் சொன்னாளா, அது சாமிக்குத்தான் வெளிச்சம்.

மறுநாள் தூக்குச்சட்டியோடு போனோம். டீச்சரிடம் அம்மா சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் முகம் சுண்டிப் போனது. பிறகு, "சரி. ஆனா பந்தி ஓரத்துல ஒக்காரக் கூடாது, நடுவுல ஒக்காரணும்" என்றார். மற்ற பிள்ளைகளும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தார்கள். தவசமும் வந்தது. தம்பி அந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்த சோலைச்சாமியிடம் சோற்றைக் கொடுத்துக் குழம்பை வாங்க ஆரம்பித்தான். டீச்சர் அந்நேரம் பார்த்து எப்போதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார், என்னை வாசிக்கச் சொன்னார், எழுதிக்கொண்டு போனார். அடுத்த வருடம் அஞ்சாங்கிளாஸ் திறந்தது. "நான் தவசம் குடுக்கப் போய்த்தான் கெடச்சது" என்று ஐயா ஊர் முழுக்கச் சொன்னார். டீச்சரிடம் யாரோ கேட்டதற்கு, "ஆமா, ஐயா தவசம் குடுத்தாகள்ல" என்றாராம்.

அந்த வருடம் முடிந்ததும் டீச்சர் மறுபடி எங்கள் வாசலுக்கு வந்தார். ஆறாவதுக்கு என்னை மல்லாங்கிணறுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்டார். ஐயா முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். அம்மாவும் இந்தத் தடவை பேசவில்லை. வெயில் பாதையில் தனியே போகிற பெண்ணை நினைத்து அவளுக்கும் பயம். டீச்சர் வற்புறுத்தவில்லை. அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, என் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினார். எங்கள் ஐயா எழுந்து போகாமல், அது முடிகிற வரைக்கும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.