நான் போகாத பாண்டிச்சேரி வழி

பாண்டிச்சேரிக்கு நான் சைக்கிளில் ஒருநாளும் போனதில்லை. போனதாகச் சொன்னேன். அதை நம்பிய ஒருவன் செத்துப்போனான். இதுதான் என் குற்றம். இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. தேவசகாயம் அங்கே கிரேன் ஓட்டுபவன். ராயபுரத்தில் எனக்கு அடுத்த வீடு. ஒருநாள் டீக்கடையில் பிரெஞ்சுக் கிராமங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. ஏரிக்கரைச் சாலை, இருபுறமும் மரம், விடிந்ததும் சுடச்சுட ரொட்டி... கப்பல்காரர்கள் சொன்னதையெல்லாம் நான் கண்ணால் பார்த்ததுபோல அளந்துவிட்டேன். சைக்கிளிலேயே போய்வந்ததாகவும் சேர்த்துக்கொண்டேன். எதற்கு? நாலு பேர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்களே, அந்தச் சுகத்துக்கு! அடையாற்றுப் பாலத்தையே தாண்டாதவன் நான்!

தேவசகாயம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பொங்கல் விடுமுறையில் இருவரும் போக வேண்டும், நான்தான் வழிகாட்டி என்றான்.

ஆறு மாதம் திட்டம் போட்டோம். புது டயர் வாங்கினான். அவன் மனைவி லூர்து, பழைய புடவையை மடித்துத் தைத்து கேரியருக்குப் பை செய்தாள். எந்த ஊரில் தங்குவது, எந்த ஏரியில் குளிப்பது என்று அவன் கேட்கக் கேட்க நான் புளுகிக்கொண்டே போனேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே? கேளுங்கள், நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பெரிய சாலையில் எல்லைக் காவலர்கள் மூட்டையைப் பிரித்துப் போட்டு அரைநாள் நிறுத்துவார்கள் என்று கேள்வி. ஆகவே குறுக்குவழி சொன்னேன். மரக்காணத்திலிருந்து கடலோரமாகவே போய்விடலாம். நடுவில் ஒரு கழிமுகம் மட்டும் உண்டு, கடல் வற்றும் நேரத்தில் நடந்தே கடக்கலாம். அந்த நேரம் எனக்கா தெரியாது? கடல் ஏறும் நேரம், வற்றும் நேரம் எல்லாம் போட்ட துறைமுகத்து அட்டவணை என் மேசைக்கு மேலேயே தொங்கியதே! அதைப் பார்த்து, நான் வரைந்து கொடுத்த வழிப்படத்தில் எழுதினேன்: ‘மாலை நாலு மணி. முழங்கால் தண்ணீர். சைக்கிளைத் தோளில் வைத்துக்கொண்டு நட.’

புறப்படும் காலையில் எனக்கு லீவு கிடைக்கவில்லை என்றேன். அதுவும் பொய். வழியில் என் குட்டு உடைந்துவிடும் என்ற பயம்! அவன் முகம் சுருங்கியது. பிறகு சிரித்தான்.

“சர்தான் மாமு. நீ பாத்த ஊரைத்தானே, நானும் பாத்துகினு வரேன்” என்றான்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்தார்... மரக்காணத்தில் ஒரு பிரேதம், சட்டைப்பையில் ராயபுரத்து முகவரி என்றார். நானும் லூர்துவின் தம்பியும் ஓடினோம். உடலை எடுத்த மீனவர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

“வெளிய கடல் வத்தினாலும் உள்ள கழி வடிய இன்னும் ரெண்டு மூணு மணி நேரம் ஆவுங்க. அந்நேரத்து இழுப்பு ஆளையே தூக்கும். நாலு மணிக்கு எந்த நம்பிக்கையில எறங்குனாரு?”

ஐயோ! துறைமுகத்து நேரம் துறைமுகத்துக்குத்தானா? தினமும் கடலைப் பார்க்கிறவன், எனக்கு இது தெரியாமல் போயிற்றே! அந்த ஈர மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு மணிக்குச் சரியாக இறங்கியிருக்கிறான். நான் எழுதியபடியே இறங்கியிருக்கிறான்!

அடக்கம் முடிந்து லூர்து என்னிடம் வந்தாள்.

“அண்ணே, நீங்க போன வழிதானே அது? நீங்க போனப்போ தண்ணி எம்மாம் ஆழம் இருந்திச்சி?”

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த நொடி அது. என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

“முழங்காலுக்குத்தான்மா. அவன்தான் நேரம் தப்பி இறங்கியிருக்கான்.”

செத்தவன் மேலேயே பழியைப் போட்டேன்! சொல்லிவிட்டு நானே திடுக்கிட்டுப் போனேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வருடந்தோறும் கல்லறைத் திருநாளில் என்னையும் கூட அழைத்துப் போகிறாள். மெழுகுவத்தி ஏற்றி, பூப்போட்டு, கல்லறையைப் பார்த்து அவனைத் திட்டுகிறாள். அவசரக்காரன், சொன்ன பேச்சைக் கேட்காதவன், பெண்டாட்டியை நடுத்தெருவில் விட்டுப்போனவன் என்று... பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்புகிறாள்.

“நீங்க அவ்ளோ தெளிவா எய்திக் குடுத்தும் அவுரு கேக்கலை. மனசுல வெச்சிக்காதீங்கண்ணே, அவுரை மன்னிச்சிருங்க.”

“பரவாயில்லைம்மா” என்கிறேன் நான்.