பேனா வரையவில்லை, கை வரைந்துவிட்டது

குத்தாலத்தில் என் ஃப்ளெக்ஸ் கடையில் இன்று நடந்தது.

மகனின் காதணி விழா பேனருக்காகச் சுகந்தி அக்கா தன் அப்பா படத்தைக் கொண்டுவந்தார். அப்பா தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில், ஐசியூவில்.

"மீசையை மட்டும் கறுப்பாக்கிடுங்க தம்பி."

புது டச் லேப்டாப்பில் பேனாவை வைத்து இழுத்தேன். கோடே விழவில்லை. அழுத்தினேன். ம்ஹும்.

ஆனால் திரையில் ஊன்றியிருந்த என் கை வரைந்துவிட்டது. அப்பாவின் நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்புப் பொட்டு. காலையில் ஒரு கண்ணீர் அஞ்சலிப் படத்துக்கு வைத்த அதே சிவப்பு.

"ஐயோ, உசுரோட இருக்கறவருக்கு ஏன் பொட்டு வச்சீங்க?"

அழிக்கப் போனேன். விரல் பட்டு இன்னொரு பொட்டு விழுந்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவின் போன் அடித்தது. ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்கும் அம்மாவின் நம்பர்.

"எனக்குப் பயமா இருக்கு. நீங்க எடுங்க."

எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன்.

பேசியது அப்பா.

"வார்டுக்கு மாத்திட்டாங்க. பேனர்ல சம்பந்தி படத்தைவிட என் படம் பெருசா இருக்கணும், சொல்லிட்டேன்."

பெரிதாக்கிவிட்டேன், மவுஸால்.

கை பட்டால் வரையாமல், பேனா மட்டும் வரைய எங்கே மாற்றுவது? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள். நாளை சம்பந்தி படம் வருகிறது.