உடையாத எண்

மணவாளனுக்கு ஆசீர்வாதத்தின் மேல் பல வருஷத்து எரிச்சல். காக்களூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பம்பு செய்யும் அந்த ஷெட்டில், நம்பர் என்றால் முதலில் மணவாளன்தான். பம்பில் பொருத்தும் பித்தளைத் தகட்டில் எண் அச்சை வைத்துச் சுத்தியலால் ஒரே போடு, வரிசை கோணாது. சூப்பர்வைசரே நின்று பார்ப்பார்.

ஆரணிப் பக்கம் கூலிக்கு நாற்று நட்ட குடும்பத்திலிருந்து லேத்து வேலைக்கு வந்தவன் ஆசீர்வாதம். எந்த எண்ணைப் பார்த்தாலும் அது எதால் வகுபடும் என்று சொல்லுவான். அவன் வந்த பிறகு மணவாளனின் கை யார் கண்ணிலும் படவில்லை. டீ நேரத்தில் லாரி நம்பரைச் சொல்லி அவனைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். "நாலாயிரத்துப் பதினேழா? பதிமூணுல போவும்" என்பான், பன்னை மென்றபடியே. யாராவது போனில் போட்டுப் பார்ப்பார்கள். போகும்.

ஒருநாள் ஒன்று என்ற எண்ணுக்குப் புது அச்சு வந்தது. அதைச் சோதிக்க மணவாளன் ஒரு தகடு முழுக்க ஒன்றாகவே அடித்தான். எத்தனை என்று எண்ணவில்லை. ஆசீர்வாதம் அதைக் கேட்டு வாங்கி, இரு ஓரமும் கிளாம்ப் வைத்துத் தன் லேத்தின் மேல் இறுக்கிக்கொண்டான். கொஞ்ச நாள் கழித்து, அந்த எண்ணை எதாலும் உடைக்க முடியாது, ஒன்றாலும் அதாலுமே வகுபடும் என்றான். காலேஜில் படிக்கும் மகள் ஜெபா கம்ப்யூட்டரில் பார்த்து அதையே சொன்னாளாம். பக்கத்து ஷெட்டிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தார்கள். அடித்தது மணவாளன், பேர் அவனுக்கு. வயிறு எரியாதா?

ஒரே ஒரு தரம் அவன் சொன்னது பொய்யாகப் போய்விட்டால் போதும் என்று மணவாளன் தகட்டையே சுற்றிச் சுற்றி வந்தான். ஒன்றுகளை எண்ணிக் கூட்டினான். பதினெட்டு. டீ நேரத்தில் எல்லார் முன்னாலும் கேட்டான்:

"இன்னாப்பா ஆசீர்வாதம், ஒடையாதுன்ன? கூட்டிப் பாரு. ஒம்போதுல போவுது."

ஆசீர்வாதம் ஸ்பேனரை எடுத்து ஒரு கிளாம்பைக் கழற்றினான். அடியில் இன்னொரு ஒன்று இருந்தது. மொத்தம் பத்தொன்பது.

"அட்ச்சவருக்கே எத்தினின்னு தெர்ல" என்றான் பக்கத்து லேத்து ரகு. ஷெட்டே சிரித்தது. ஆசீர்வாதம் மட்டும் சிரிக்கவில்லை. மணவாளனுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

பிறகு ஆசீர்வாதத்துக்கு நெஞ்சில் சீக்கு வந்து திருவள்ளூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகாவிட்டால் ஊர் பேசும் என்று மணவாளனும் போனான். அங்கேயும் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். நர்ஸம்மாகூடத் தன் போன் நம்பரைச் சொல்லி, எதில் போகும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். படுத்தும் இவனுக்குத்தான் மவுசு என்று மணவாளன் சுவரோரம் நின்றான்.

கூட்டம் கலைந்தது. ஆசீர்வாதத்தின் மனைவி விக்டோரியா நாஷ்டா வாங்கப் போனாள். ஆசீர்வாதம் மணவாளனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தான். மணவாளனிடம் அவன் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"எல்லாரும் நான் சொன்னா சரின்னுக்கினு பூடுறாங்க. நீ ஒர்த்தன்தாண்ணா ஒக்காந்து போட்டுப் பாக்குற. பெர்சா ஒரு நம்பர் எட்த்துக்கினு வா. ஒடையாதுன்னு நான் சொன்னா, நம்பாத."